ஹாம்லெட் மேல் எத்தனை கொலை நிற்கும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், கதை தொடங்கும் முன்பே செத்துப்போன பழைய ராஜாவைச் சேர்க்காமல், எட்டுப் பேர் சாகிறார்கள். 'உன் சித்தப்பன்தான் என்னைக் கொன்றான்' என்று அப்பாவின் ஆவி வந்து சொன்ன அன்றே இளவரசன் ஹாம்லெட் போய், இப்போது ராஜாவாகி அம்மாவையும் கட்டிக்கொண்டிருக்கும் அந்தச் சித்தப்பன் கிளாடியஸை முடித்திருந்தால் ஒரு சாவோடு விஷயம் முடிந்திருக்கும், அவன் தயங்கினான், அதனால் மீதி ஏழு பேரும் செத்தார்கள், ஆகவே எல்லாச் சாவுக்கும் அவனே பொறுப்பு, தயக்கம்தான் அவனுடைய குறை என்று உங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். இது சரியா என்பது கேள்வி. இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவன் வேறு மாதிரி நடந்திருந்தால் இந்தச் சாவுகள் தவிர்ந்திருக்குமா என்பது ஒன்று. இவற்றுக்காக அவனைக் குற்றவாளி என்று சொல்லலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு 'தவிர்ந்திருக்கும்' என்று எழுதிவிட்டு, அதிலேயே இரண்டாவதற்கும் பதில் வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். சிக்கல் அங்கேதான்.

நான் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்து, கொஞ்ச காலம் கல்லூரியில் பாடம் எடுத்து, அப்புறம் சட்டம் படித்து செஷன்ஸ் கோர்ட் பக்கம் போனவன். வேலை செய்ததெல்லாம் குற்ற வழக்குகளில்தான். அதனால் இந்த நாடகத்தைக் கையில் எடுத்தால் ஒவ்வொரு சாவையும் தனிக் கேஸ் கட்டாகப் பிரித்து வைத்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது: குத்தியது யார், அந்த நிமிஷத்தில் அவனுக்கு என்ன தெரியும், என்ன நினைத்துச் செய்தான், வேறு வழி இருந்ததா. அப்படிப் பார்த்தால் தயங்கினான் என்ற குற்றச்சாட்டு நிற்காது என்பது என் அபிப்பிராயம். தயங்காமல் செய்த காரியங்களுக்குத்தான் ஹாம்லெட் பதில் சொல்ல வேண்டும். அப்படி அவன் கணக்கில் வருவது மூன்று பேர், அதில் இரண்டு பேர் விஷயத்தில் அவனுக்காக என்ன வாதாடுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காலக்கணக்கு வசனத்திலேயே இருக்கிறது. முதல் அங்கத்தில் ஹாம்லெட் தன் அப்பா செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை என்று புலம்புகிறான். மூன்றாம் அங்கத்தில், அரண்மனையில் நாடகம் போடும் இரவில், 'அப்பா செத்து இரண்டு மணி நேரம்தான் ஆகிறது, அதற்குள் அம்மா முகத்தில் என்ன சந்தோஷம் பார்' என்று குத்தலாகச் சொல்ல, அவன் காதலித்த ஒஃபீலியா 'இல்லை பிரபு, இரண்டு மாதம் இரண்டு தடவை ஆகிவிட்டது' என்று திருத்துகிறாள். அதாவது ஆவியைப் பார்த்ததற்கும் இந்த இரவுக்கும் நடுவில் சுமார் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதமும் அவன் கையில் இருந்த சாட்சியம், நடுராத்திரியில் எல்சினோர் கோட்டை மதில்மேல் வந்து பேசிய ஓர் ஆவி, அவ்வளவுதான். அது தன் அப்பாவா, இல்லை அப்பா உருவத்தில் வந்து தன்னை நரகத்துக்கு இழுக்கப் பார்க்கும் பிசாசா என்று இரண்டாம் அங்கத்தின் கடைசியில் அவனே கேட்டுக்கொள்கிறான். இதைச் சாக்குப்போக்கு என்று சொல்லும் விமர்சகர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1600-ஐ ஒட்டிய இங்கிலாந்தில் இது நிஜமான சந்தேகம். செத்தவர்களின் ஆவி திரும்பி வராது, அப்படி வருவது பெரும்பாலும் பிசாசின் வேலை என்று புராட்டஸ்டன்ட் போதகர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஹாம்லெட் படிக்கும் விட்டன்பெர்க் பல்கலைக்கழகமோ மார்ட்டின் லூதரே பாடம் சொன்ன இடம்.

சந்தேகம் தீர்வது, ராஜாவைச் சோதிக்க அப்பா கொலையான விதத்தையே நடிகர்களை வைத்து ஹாம்லெட் போட்டுக்காட்டும் அந்த நாடக இரவில்தான். மேடையில் தூங்குகிறவனின் காதில் விஷத்தை ஊற்றும் காட்சி வந்ததும் கிளாடியஸ் எழுந்து 'விளக்கைக் கொண்டு வா' என்று கத்திக்கொண்டு வெளியேறுகிறான். அதற்கப்புறம் நடப்பதைக் கவனியுங்கள். அதே இரவில் கிளாடியஸ் தனியாகப் பிரார்த்தனை செய்வதைப் பார்க்கிறான், விட்டுவிடுகிறான். அதே இரவில் அம்மாவின் அறைக்குப் போகிறான், திரைக்குப் பின்னால் இருந்தவனைக் குத்துகிறான். அதே இரவில் அவனைக் காவலோடு இங்கிலாந்துக்குக் கப்பலேற்றச் சொல்லி உத்தரவாகிறது. ஆக, உறுதி கிடைத்தபின் அவன் விட்ட வாய்ப்பு ஒன்றே ஒன்று. 'ஆனால் ஹாம்லெட்டே தன்னைக் கோழை என்றும் தாமதிக்கிறவன் என்றும் திட்டிக்கொள்கிறானே, ஆவியும் இரண்டாம் தடவை வந்து கடிந்துகொள்கிறதே' என்று கேட்பீர்கள். உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் துக்கத்தில் இருக்கிறவன் தன்னைத் தானே வைதுகொள்வதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்ள முடியாது. (இவன் உடனே கொன்றிருந்தால் நாடகமே முடிந்திருக்கும், அதனால்தான் ஆசிரியர் இழுத்தடித்தார் என்று 1736-இல் பெயர் போடாமல் வந்த ஒரு சிறு நூல் சொன்னது. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.)

அந்த ஒரே வாய்ப்புதான் உங்கள் வாத்தியார் கட்சிக்கு இருக்கும் பலமான ஆதாரம். கிளாடியஸ் மண்டியிட்டிருக்கிறான், காவல் இல்லை, முதுகு காட்டிக்கொண்டிருக்கிறான் என்றே வைத்துக்கொள்ளலாம், ஹாம்லெட் கையில் உருவிய வாள். அங்கே குத்தியிருந்தால் அந்த ஒரு சாவோடு போயிருக்கும். அவன் குத்தாததற்குச் சொல்லும் காரணமோ நல்ல காரணமே இல்லை. பிரார்த்தனையில் இருக்கும்போது கொன்றால் இவன் சொர்க்கத்துக்குப் போய்விடுவான், என் அப்பாவைப் பாவமன்னிப்புக்குக்கூட நேரம் கொடுக்காமல் கொன்றவன் இவன், ஆகவே இவன் குடித்துக் கிடக்கும்போதோ சூதாடும்போதோ படுக்கையிலோ பிடித்து நேராக நரகத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறான். சாமுவேல் ஜான்சன் 1765-இல் வெளியிட்ட பதிப்பில் இந்த வசனத்தைப் படிக்கவோ வாய்விட்டுச் சொல்லவோ முடியாத அளவுக்குக் கொடூரமானது என்று குறிப்பு எழுதினார். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மண்டியிட்டுக் கண்மூடியிருக்கிற ஒருத்தனைப் பின்னாலிருந்து குத்தாமல் விட்டதற்காக ஏழு பேர் சாவை ஒருவன் தலையில் கட்ட எந்த நியாயத்திலும் இடமில்லை. அந்த ஏழில் பெரும்பாலானவை கிளாடியஸ் பிறகு உட்கார்ந்து யோசித்துப் போட்ட திட்டத்தால் வந்தவை. கொலைகாரனை முன்கூட்டியே கொல்லவில்லை என்று பலியானவனின் மகன்மேல் வழக்குப் போடுவது போல ஆகிவிடும் இது. இன்னொன்று, ஹாம்லெட் போனதும் கிளாடியஸ் எழுந்து, வார்த்தைதான் மேலே போகிறது, மனசு கீழேயே கிடக்கிறது என்கிறான். பிரார்த்தனை பலிக்கவே இல்லை. பார்ப்பவர்களுக்குத் தெரிந்த இது ஹாம்லெட்டுக்குத் தெரிய வழியில்லை.

அடுத்து பொலோனியஸ், ராஜாவின் மந்திரி, ஒஃபீலியாவின் அப்பா. இது ஹாம்லெட் கையால் நடந்தது, இதில் வாதமே கிடையாது. ராணி கெர்ட்ரூட் பயந்துபோய் 'என்னைக் கொல்லப் போகிறாயா' என்று கத்த, திரைச்சீலைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பொலோனியஸும் கத்த, ஹாம்லெட் 'எலியா?' என்று கேட்டபடி திரையோடு சேர்த்துக் குத்திவிடுகிறான். 'என்ன செய்துவிட்டாய்' என்று அம்மா கேட்கும்போது, 'எனக்கே தெரியாது, ராஜாவா அது?' என்கிறான். பிணத்தைப் பார்த்ததும், உன்னைவிடப் பெரிய ஆள் என்று நினைத்தேன் என்கிறான். வழக்கமாக எடுக்கப்படும் எதிர்வாதம், அவன் பொலோனியஸைக் கொல்ல நினைக்கவில்லை, ராஜா என்று நினைத்துக் குத்தினான் என்பது. சட்டத்தில் இது செல்லாது. ஒருவனைக் கொல்ல நினைத்து இன்னொருவனைக் கொன்றாலும் அந்த எண்ணம் செத்தவன் விஷயத்திலும் பொருந்தும் என்பது ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்திலும் சட்டம். அந்த மரபிலிருந்து வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 301-ஆம் பிரிவும் அதையேதான் சொன்னது. எனக்குச் சந்தேகம் வேறு இடத்தில். சில நிமிஷம் முன்புதான் கிளாடியஸ் வேறொரு அறையில் மண்டியிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்தவன் இவன். அவன் தனக்கு முன்னால் ஓடிவந்து அம்மா அறையில் ஒளிந்திருப்பான் என்று நிஜமாகவே நம்பினானா? 'தெரியாது' என்று முதலில் சொன்னதுதான் உண்மையாக இருக்கும், ராஜா என்று நினைத்தது குத்தியபின் வந்த ஆசை என்று நான் நினைக்கிறேன். வசனத்தை வைத்து இதை அறுதியாக நிரூபிக்க முடியாது. திடீர் ஆத்திரம், முன்யோசனை இல்லை என்று சொல்லித் தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் அதற்கப்புறம் அவன் நடந்துகொள்ளும் விதம் எந்த நீதிபதிக்கும் இரக்கம் வரவழைக்காது. பிணம் தரையில் கிடக்க அம்மாவுக்கு நீளமாக ஒழுக்கப் பாடம் நடத்துகிறான், பிறகு குடலை இழுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லி இழுத்துப்போகிறான், எங்கே வைத்தாய் என்று கேட்டால் மாடிப்படி ஏறும்போது மூக்கில் அடிக்கும் என்கிறான். அவன் அழுதான் என்று அடுத்த காட்சியில் ராணி சொல்கிறாள். நாம் பார்த்த காட்சியில் வருத்தப்படுகிறேன் என்று ஒரு வரி இருக்கிறது, கண்ணீர் இல்லை. பெற்ற தாய் சொல்லும் சாட்சியம், அதற்குரிய மதிப்பைக் கொடுத்துக்கொள்ளுங்கள்.

இனி ரோசன்கிரான்ட்ஸ், கில்டன்ஸ்டர்ன். இந்த இரண்டு பேரைப் பரீட்சை விடைகளில் ஒரு வரியில் தாண்டிப்போய்விடுகிறார்கள், என்னைக் கேட்டால் முழு நாடகத்திலும் ஹாம்லெட்டுக்கு எதிரான மிகக் கனமான கட்டு இதுதான். ஹாம்லெட்டோடு சின்ன வயதிலிருந்து வளர்ந்தவர்கள். ராஜா கூப்பிட்டு, உங்கள் நண்பனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துச் சொல்லுங்கள் என்கிறான், வருகிறார்கள். ஹாம்லெட் விடாமல் கேட்டதும், 'ஆமாம், கூப்பிட்டு அனுப்பித்தான் வந்தோம்' என்று முதல் சந்திப்பிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அதற்கப்புறம் ராஜா பக்கம் சாய்கிறார்கள், உளவு பார்க்கிறார்கள், கொஞ்சம் வழிந்துகொண்டு நிற்கிறார்கள், எல்லாம் உண்மை. இதற்காக அவர்கள்மேல் கோபப்படலாம், பழக்கத்தை முறித்துக்கொள்ளலாம். சாக வேண்டிய குற்றமா? கப்பலில் ராத்திரி ஹாம்லெட்டுக்குத் தூக்கம் வரவில்லை. இருட்டில் தடவிக்கொண்டு போய் அவர்களுடைய மூட்டையிலிருந்து முத்திரையிட்ட கடிதத்தை எடுத்து உடைத்துப் படிக்கிறான். கோடரியைத் தீட்டும் நேரம்கூடத் தாமதிக்காமல் இவன் தலையை வெட்டுங்கள் என்று இங்கிலாந்து ராஜாவுக்கு எழுதியிருக்கிறது. உட்கார்ந்து அழகான அரசாங்கக் கையெழுத்தில் வேறு கடிதம் எழுதி, தன்னிடமிருந்த அப்பாவின் முத்திரை மோதிரத்தால் முத்திரை வைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறான். புதுக் கடிதத்தில் இதைக் கொண்டுவருபவர்களை உடனே கொல்ல வேண்டும், பாவமன்னிப்புக் கேட்கக்கூட நேரம் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது.

தற்காப்பு என்று வாதாட நானும் முயன்று பார்த்தேன். தன்னைக் கொல்லச் சொல்லும் கடிதத்தைக் கிழித்தது தற்காப்பு, சந்தேகமே இல்லை. 'இவனை நல்லபடி நடத்தி ஆறு மாதம் கழித்துத் திருப்பி அனுப்புங்கள்' என்று எழுதியிருந்தாலும் உயிர் தப்பியிருப்பான், 'கொண்டுவருபவர்களைச் சிறையில் வையுங்கள்' என்று எழுதியிருந்தாலும் தப்பியிருப்பான். கொல்லுங்கள் என்று எழுதியதற்குக்கூட அவசரம், பயம் என்று ஏதாவது சொல்லலாம். பாவமன்னிப்புக்கு நேரம் கொடுக்காதே என்ற வரி எதற்கு? அதனால் அவனுக்கு ஒரு பாதுகாப்பும் கூடவில்லை. அவனுடைய அப்பாவின் ஆவி முதல் அங்கத்தில் எதை நினைத்துத் துடித்ததோ, அதையே இவன் தன் இரண்டு சிநேகிதர்களுக்குச் செய்கிறான். கிளாடியஸ் விஷயத்தில் மனதில் நினைத்து நிறுத்திக்கொண்டதை இங்கே மையில் எழுதி முத்திரை போட்டுவிட்டான். அடுத்த நாளே கடற்கொள்ளைக்காரர்கள் வந்து, சண்டையில் ஹாம்லெட் மட்டும் அவர்கள் கப்பலில் மாட்டிக்கொண்டு டென்மார்க்குக்குத் திரும்பிவிடுகிறான், அதாவது அந்தக் கடிதத்தின் தேவையே போய்விட்டது. அவர்கள் இரண்டு பேரும் அதைப் பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடுத்துச் செத்தார்கள்.

அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்திருந்தால் கதை மாறும். நாடகம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை, ஆனால் ஒரு தடயம் விட்டுவைத்திருக்கிறது. நாலாம் அங்கம் மூன்றாம் காட்சியில் கிளாடியஸ் அவர்களிடம், அவனைப் பின்தொடர்ந்து போங்கள், கப்பலேற்றுங்கள், இதற்கு வேண்டியதெல்லாம் முத்திரை வைத்து முடித்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். அவர்கள் வெளியேறி மேடை காலியான பிறகு, தனக்குத் தானே பேசும்போதுதான் ஹாம்லெட்டின் மரணம் என்ற விஷயம் வாயிலிருந்து வருகிறது. தெரிந்தவர்கள் முன்னால் அதை மறைக்க வேண்டியதில்லையே. அவர்களுக்குத் தெரியாது என்றே நான் படிக்கிறேன், முழு நிச்சயம் என்று சொல்லமாட்டேன். தெரியாமல் தங்கள் சாவுக்கடிதத்தைத் தாங்களே சுமந்து போன இந்த இரண்டு பேரைப் பற்றி ஹாம்லெட்டின் நெருங்கிய நண்பன் ஹொரேஷியோ 'அப்போ அவர்கள் போய்ச் சேர்ந்தார்கள்' என்ற மாதிரி மெதுவாக ஒரு வரி சொல்ல, ஹாம்லெட்டின் பதில், அவர்கள் என் மனசாட்சிக்குப் பக்கத்திலேயே இல்லை என்பது. பெரிய ஆட்களின் வாள்வீச்சுக்கு நடுவில் சின்ன ஆட்கள் வந்தால் அப்படித்தான் ஆகும் என்றும் சேர்த்துக்கொள்கிறான். அதைக் கேட்டு ஹொரேஷியோ ஆமாம் என்று சொல்லவில்லை, 'இப்படியும் ஒரு ராஜாவா' என்று பேச்சு கிளாடியஸ் பக்கம் போய்விடுகிறது. அந்த வியப்பு கிளாடியஸைப் பற்றியது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள், அதுதான் இயல்பான அர்த்தமும். ஆனால் அந்த வரியை ஹாம்லெட்டைப் பார்த்துச் சொல்லும்படி ஒரு நல்ல நடிகர் நடித்துவிடலாம்.

ஒஃபீலியா சாவைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லத் தயாராக இல்லை, ஏனென்றால் அது என்ன வகைச் சாவு என்பதே தெரியவில்லை. ராணி வந்து சொல்லும் கதையில் வில்லோ மரக்கிளை ஒடிந்து ஓடையில் விழுகிறாள், உடை விரிந்து கொஞ்ச நேரம் மிதக்கிறாள், பழைய பாட்டுகளைப் பாடிக்கொண்டே மூழ்குகிறாள். அப்படியானால் விபத்து. புதைக்க வந்த பாதிரியோ சாவில் சந்தேகம் இருக்கிறது, ராஜா உத்தரவு மட்டும் இல்லாவிட்டால் பூவுக்குப் பதில் கல்லும் ஓட்டாஞ்சில்லும்தான் விழுந்திருக்கும் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறான். நடுவில் குழிவெட்டுகிறவர்கள், ஒரு காரியத்துக்கு மூன்று கிளை, தண்ணீர் அவளிடம் வந்ததா, அவள் தண்ணீரிடம் போனாளா என்று சட்டம் பேசுகிறார்கள். 1554-இல் தண்ணீரில் விழுந்து தற்கொலை செய்துகொண்ட ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதியின் சொத்து பற்றி நடந்த வழக்கில், வக்கீல்கள் நிஜமாகவே இப்படித்தான் தற்கொலையை மூன்று கட்டமாகப் பிரித்து வாதாடினார்கள், அதைக் கிண்டல் செய்கிறார் என்று பலரும் கருதுகிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஹாம்லெட் பங்கு என்ன என்றால், காதலித்தவன் தன்னைக் கண்டபடி ஏசினான், அவனே அப்பாவையும் கொன்றான், இந்த இரண்டும் சேர்ந்து அவள் புத்தியைக் கலக்கிவிட்டது என்பது அவள் பாடும் பாட்டுகளிலேயே இருக்கிறது. ஒன்று செத்துப்போன கிழவரைப் பற்றி, இன்னொன்று ஏமாற்றப்பட்ட பெண்ணைப் பற்றி. ஆனால் அவளை ஹாம்லெட்டிடமிருந்து விலக்கியவர்கள் அப்பனும் அண்ணனும், தூண்டில் புழுவாக வைத்து உளவு பார்த்தவர்கள் அப்பனும் ராஜாவும், அவள் அப்பாவை ஊர் அறியாமல் அவசரமாகப் புதைத்தது ராஜா. அவளைக் கூடவே இருந்து நன்றாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ராஜா ஆள் வைத்தானே, அப்படியிருந்தும் அவள் எப்படித் தனியாக ஓடைக்குப் போனாள் என்று யாரும் கேட்பதில்லை. ஹாம்லெட்டுக்கு இதில் பழி உண்டு, குற்றம் என்று எழுத என் கை வராது.

இந்த இடத்தில் பைத்தியம் என்ற வாதத்தையும் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதை எடுப்பவன் ஹாம்லெட்டேதான். கடைசிக் காட்சியின் வாள் போட்டிக்கு முன்னால், பொலோனியஸின் மகன் லேயர்டிஸிடம், உனக்குத் தீங்கு செய்தது ஹாம்லெட் இல்லை, அவனுடைய பைத்தியம், அந்தப் பைத்தியம் ஹாம்லெட்டுக்கும் எதிரிதான் என்று கேட்க நன்றாயிருக்கும் ஒரு மன்னிப்பைக் கேட்கிறான். இதே ஆள் மூன்றாம் அங்கத்தில், பொலோனியஸ் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்குப் பைத்தியம் இல்லை, நடிக்கிறேன் என்று அம்மாவிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறான். ஜான்சன் இந்த இடத்தில், வேறு ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம், நல்லவனும் வீரனும் பொய்யில் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று வருத்தப்பட்டார். துக்கத்தில் அவன் மனம் நிஜமாகவே குலைந்துதான் இருந்தது என்று வாதாடுபவர்களிடம் சரக்கு இருக்கிறது, 1904-இல் விமர்சகர் ஏ.சி. பிராட்லி அவனுடைய தாமதத்தையே ஆழ்ந்த மனச்சோர்வாக விளக்கினார். அது தாமதத்தை விளக்கும், முத்திரை மோதிரத்தை விளக்காது.

கடைசிக் காட்சியில் நாலு சாவு, இதில் நீங்கள் ஹாம்லெட் மேல் போட முடிவது மிகக் குறைவு. அப்பா சாவுக்குப் பழிவாங்க வந்த லேயர்டிஸும் ராஜாவும் சேர்ந்து போட்ட சதி அந்த வாள் போட்டி: முனை மழுங்காத வாளை வைக்கலாம் என்றது கிளாடியஸ், அந்த முனையில் தடவ என்னிடம் விஷம் இருக்கிறது என்று தானாக முன்வந்தது லேயர்டிஸ், அதுவும் தவறினால் இருக்கட்டும் என்று கோப்பையில் விஷம் சேர்த்தது மறுபடி கிளாடியஸ். ஹாம்லெட் நடந்துவந்தது நட்புப் போட்டி என்ற நம்பிக்கையில். கைமாறின வாளால் லேயர்டிஸைக் கீறும்போது அதில் விஷம் இருப்பது அவனுக்குத் தெரியாது. என் துரோகத்தாலேயே நான் சாகிறேன், நியாயம்தான் என்று லேயர்டிஸே சொல்லி, என் சாவும் என் அப்பா சாவும் உன்மேல் வராது என்று மன்னித்துவிட்டுப் போகிறான். ராணி விஷயத்தில்தான் எனக்குப் பிடித்த ஒரு பழைய வழக்கு உண்டு. ஹேல்ஸ் வழக்கைப் பதிவுசெய்த அதே பிளவ்டன் என்ற வக்கீலின் வழக்குத் தொகுப்பில், 1570-களில் ஜான் சாண்டர்ஸ் என்பவன் மனைவியைக் கொல்ல விஷம் வைத்த சுட்ட ஆப்பிளைக் கொடுக்கிறான். அவள் கொஞ்சம் தின்றுவிட்டு மீதியைச் சின்ன மகளிடம் நீட்டுகிறாள். இவன் 'குழந்தைக்கு ஆப்பிள் ஆகாது' என்று லேசாகச் சொல்லிப் பார்க்கிறான், அதற்குமேல் தடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று பேசாமல் நிற்கிறான். குழந்தை செத்தது, அவனைக் கொலைக் குற்றவாளி என்றே தீர்த்தார்கள். கெர்ட்ரூட் கோப்பையை எடுக்கும்போது கிளாடியஸ் 'குடிக்காதே' என்கிறான், அவள் குடிப்பேன் என்கிறாள், அவன் கோப்பையைத் தட்டிவிடவில்லை. ஷேக்ஸ்பியர் அந்த வழக்கைப் படித்தாரா என்பதற்கு ஆதாரம் எதுவும் நான் பார்த்ததில்லை. லாரன்ஸ் ஒலிவியே 1948-இல் எடுத்த படத்தில் ராணி விஷம் என்று உணர்ந்தே குடிப்பதுபோல் இருக்கும், ஆனால் வசனத்தில் அதற்கு இடம் குறைவு. எப்படிப் பார்த்தாலும் ஹாம்லெட் அங்கே குற்றவாளிக் கூண்டில் இல்லை. கிளாடியஸைக் கொல்வது மட்டும் அவன் தெரிந்தே, வேண்டுமென்றே செய்தது. ஆனால் அப்போது சபையே சாட்சி, லேயர்டிஸ் வாயால் உண்மை வெளியே வந்துவிட்டது, அம்மா தரையில் கிடக்கிறாள், தனக்கும் அரை மணி நேரம்தான். நாடகம் முழுக்கப் போட்ட பழிக்கணக்கை மறந்து, என் அம்மா பின்னால் போ என்றுதான் குத்துகிறான், அப்பாவின் பெயரைக்கூட எடுக்கவில்லை.

அப்போ நாயகனை வீழ்த்தும் அந்தத் 'துன்பியல் குறை' என்பது என்ன ஆகிறது என்று கேட்டால், அரிஸ்டாட்டில் பேசியதும் நம் பாடக் குறிப்புகள் சொல்வதும் ஒன்றல்ல, அதற்குள் போனால் இது இன்னும் நீளும். இந்தக் கதையின் மூலத்தைப் பார்ப்பது அதைவிடப் பயன்படும். சுமார் 1200-இல் டென்மார்க்கின் சாக்ஸோ எழுதிய வரலாற்றில் அம்லெத் என்ற இளவரசன் ஒட்டுக்கேட்டவனைக் கொன்று, துண்டாக்கி, வேகவைத்துப் பன்றிகளுக்குப் போடுகிறான், கூட வந்த இரண்டு ஏவலாட்களைக் கடிதம் மாற்றிக் கொல்ல வைக்கிறான், கடைசியில் குடித்துக் கிடக்கும் சபையாரோடு மண்டபத்தையே கொளுத்துகிறான், ராஜாவாகிறான். யாரும் அவனைக் கேள்வி கேட்பதில்லை. ஷேக்ஸ்பியர் நாடகத்தில் அந்த ஏவலாட்கள் கூடப் படித்த நண்பர்கள், ஒட்டுக்கேட்டவனுக்கு ஒரு மகளும் மகனும் உண்டு, மகள் செத்துப்போகிறாள். நடுவில் தொலைந்துபோன பழைய ஹாம்லெட் நாடகம் ஒன்று இருந்திருப்பதால் இதில் எது யாருடைய மாற்றம் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது, ஆனால் நம் கையில் இருக்கும் பிரதியில் சாகிறவர்களுக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். கடைசியில் ஹொரேஷியோவும் நடந்ததைப் பட்டியல் போடும்போது தற்செயலாக நடந்த கொலைகள், தந்திரத்தால் வரவழைத்த சாவுகள், குறிதவறி வைத்தவன் தலையிலேயே விழுந்த சதிகள் என்று வகை பிரித்துத்தான் சொல்கிறான், பெயர் மட்டும் சொல்லவில்லை. தயக்கம் என்ற வகை அவன் பட்டியலில் கிடையாது.

பரீட்சைக்கு எழுதுவதாக இருந்தால் ஒரு விஷயம் பார்த்துவிட்டு எழுதுங்கள். நாடகத்தின் இரண்டு பழைய அச்சுப் பதிப்புகளான, 1604–05-இல் வந்த இரண்டாம் குவார்ட்டோவும் 1623-இல் வந்த ஃபோலியோவும் அந்த இரண்டு நண்பர்கள் விஷயத்தில் ஒன்றுபோல் இல்லை. முந்தையதில் ஹாம்லெட் இங்கிலாந்து கிளம்பும் முன்பே, அம்மாவின் அறையில், முத்திரையிட்ட கடிதங்கள் போகின்றன, என் பள்ளித் தோழர்கள் இரண்டு பேர் கொண்டுபோகிறார்கள், அவர்களை விஷப் பாம்பாகத்தான் நம்புவேன், அவர்கள் வைக்கும் வெடிக்கு ஒரு கஜம் கீழே தோண்டி அவர்களையே பறக்கவிடுவேன் என்கிறான். கப்பலில் திடீரென்று தோன்றிய யோசனை என்று சொல்ல முடியாதபடி, அது முன்யோசனைக்கு ஆதாரம். ஃபோலியோவில் அந்த வரிகள் இல்லை, அதற்குப் பதிலாக ஐந்தாம் அங்கத்தில், அவர்கள்தான் இந்த வேலையை ஆசைப்பட்டு ஏற்றுக்கொண்டார்கள் என்று ஹாம்லெட் சாக்குச் சொல்லும் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. இப்போது விற்கும் பாடப் பதிப்புகள் பலவற்றில் இரண்டையும் கலந்து அச்சிட்டிருப்பார்கள், அடியில் குறிப்பு இருக்கும். மூன்றாம் அங்கம் நாலாம் காட்சியின் கடைசிப் பக்கத்தையும் ஐந்தாம் அங்கம் இரண்டாம் காட்சியின் முதல் பக்கத்தையும் எடுத்துப் பாருங்கள். முன்யோசனை வரிகள் உங்கள் பதிப்பில் இருந்தால் ஹாம்லெட் கேஸ் கடினம். அவை இல்லாமல் அந்தச் சாக்கு மட்டும் இருந்தால், அவனுக்காகப் பேச வக்கீலுக்கு ஒரு வரியாவது கிடைக்கும்.